எம்.எல்.ஏ. வீட்டுக்காரர்

ஜனவரி 2

பால் கூட்டுறவுச் சங்கத்தில் இரண்டு டைரி கொடுத்தார்கள். ஒன்று எம்.எல்.ஏ. அம்மாவுக்கு, ஒன்று எனக்கு. என் மனைவி ஜெயக்கொடி தன்னுடையதில் முதல் பக்கத்திலேயே துக்க வீடுகளின் பட்டியலை எழுத ஆரம்பித்துவிட்டாள். யார் வீட்டுக்குப் போயாயிற்று, யார் வீட்டுக்கு இன்னும் போகவில்லை என்று இரண்டு வரிசை. நான் இதில் அரசியல் எழுதப் போகிறேன். தேர்தலுக்கு நான்கு மாதம்கூட இல்லை. பின்னால் யாராவது தும்பலூர் தொகுதியின் வரலாற்றை எழுதினால் உதவும்.

ஆகவே முறைப்படி எழுதுகிறேன். அ. சிவனாண்டி, வயது அறுபத்திரண்டு. தும்பலூர் பேரூர்ச் செயலாளர். நாற்பது வருடக் கட்சிக்காரன். பதினைந்து வருடத்துக்கு முன்னால் நான் நிற்க வேண்டிய ஏழாவது வார்டைப் பெண்கள் வார்டு என்று அறிவித்துத் தொலைத்தார்கள். இட்லிக்கு மாவு ஆட்டிக்கொண்டிருந்த ஜெயக்கொடியைக் கை கழுவச் சொல்லி, கூட்டிக்கொண்டு போய் மனுத் தாக்கல் செய்ய வைத்தேன். கவுன்சிலர், பிறகு பேரூராட்சித் தலைவர், போன தேர்தலில் எம்.எல்.ஏ. ஆட்சி எங்களுக்குக் கிடைக்கவில்லை, எதிர்க்கட்சி வரிசைதான். இருந்தாலும் எம்.எல்.ஏ. எம்.எல்.ஏ.தானே. மூன்றும் என் உழைப்பு. அவள் எட்டாவது வரை படித்தவள். பேச்செல்லாம் நான்தான் எழுதிக் கொடுப்பேன். இப்போது அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு வேறு எதையோ பேசுகிறாள். கை தட்டுகிறார்கள். கூட்டம் எதற்குத்தான் கை தட்டாது.

ஜனவரி 4

ஞாயிற்றுக்கிழமை, மனு நாள். நாற்பத்தொரு கடிதம் போட்டேன்.

போட்டேன் என்று எழுதியது தவறில்லை. ஜெயக்கொடியின் லெட்டர்பேடில் கையெழுத்து போடுவது நான்தான். கவுன்சிலராக இருந்த காலத்திலிருந்து இதுதான் நடைமுறை. அவள் வெளியே உட்கார்ந்து மனு கொடுக்க வந்தவரின் குடும்பக் கதை முழுவதையும் கேட்பாள். நான் உள் அறையில் கடிதத்தை எழுதி, அவள் கையெழுத்தைப் போட்டு, சீல் குத்தி அனுப்புவேன். அவள் போட்டால் ஒன்றுக்கே அரை நிமிடம் ஆகும். நான் போட்டால் அவளுடையதைவிட அழகாகவும் இருக்கும். இது தாலுகா ஆபீஸுக்கும் தெரியும், யூனியன் ஆபீஸுக்கும் தெரியும். யாரும் பேசுவதில்லை.

சவடமுத்து வந்திருந்தான். பழைய கட்சிக்காரன், வார்டுத் தேர்தலில் எனக்காகத் தெருத் தெருவாக அலைந்தவன். ஒரு சால்வையை எனக்குப் போர்த்தி, "எம்.எல்.ஏ. எப்படி இருக்கீக?" என்றான். ஜெயக்கொடி இருக்கும்போது அப்படிக் கூப்பிட மாட்டான். மரியாதை தெரிந்தவன். மருமகனுடைய காரியம் நல்லபடியாக நகர்கிறதாம். சந்தோஷம் என்றேன்.

ஜனவரி 9

ஆனைக்கரட்டிலிருந்து ஐம்பது பேர் டிராக்டரில் வந்தார்கள். ஊருக்கு மேலே பாறைக் குன்றாக நிற்கும் கரட்டை உடைக்கக் கல்குவாரிக்கு அனுமதி கொடுக்கப் போகிறார்களாம். ஏற்கெனவே மேற்கே ஒரு குவாரி வெடி வைத்து வீடுகளெல்லாம் விரிசல். இந்தக் கரடும் போனால் மழைத் தண்ணீர் கண்மாய்க்கு வராது. குருவம்மா என்று ஒரு கிழவி முன்னால் வந்து, தன் வீட்டுச் சுவரின் விரிசலை நூலால் அளந்து, அந்த நூலையே கொண்டுவந்து ஜெயக்கொடியின் கையில் கொடுத்தாள்.

"போன தீவாளிக்கு இதுல பாதிதான் இருந்துச்சு தாயி."

ஜெயக்கொடி ஒரு மணி நேரம் கேட்டாள். பிறகு, "சட்டசபையில கேக்குறேன்" என்றாள்.

அவசரப்பட வேண்டாம், முதலில் கலெக்டரிடம் ஒரு மனு கொடுப்போம் என்று நான் சொன்னேன். யாரும் காதில் வாங்கவில்லை. மத்தியானம் சாப்பாடு இறங்கவில்லை. கத்தரிக்காய் முற்றல்.

ஜனவரி 11

கேள்வி வேண்டாம் என்று இன்னொரு முறை சொன்னேன். "ஏன்?" என்றாள். எதிர்க்கட்சியில் இருந்துகொண்டு மூக்கறுபடுவானேன் என்றேன். அவள் நூலைச் சுருட்டிப் பர்ஸில் வைத்துக்கொண்டாள்.

மின்வாரியத்திலிருந்து ஆள் வந்து மீட்டரை மாற்றிவிட்டுப் போனான்.

ஜனவரி 15

பொங்கல். வந்தவர்களுக்குக் கரும்பு கொடுத்தே கை வலிக்கிறது.

ஜனவரி 22

சென்னை. பார்வையாளர் மாடத்தில் இருந்தேன். நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

கேள்வி நேரத்தில் ஜெயக்கொடி எழுந்தாள். நான் எழுதிக் கொடுத்த தாளைத் தொடவே இல்லை. நூலைக் கையில் பிடித்துக்கொண்டு, ஒரு கிழவி சுவரை அளந்த கதையைச் சொன்னாள். ஆளும் கட்சி வரிசையில்கூடப் பேச்சு நின்றுவிட்டது. எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர், "யாருங்க இந்தம்மா?" என்று கேட்டார். என் மனைவி என்றேன்.

அமைச்சர் நிதானமாக எழுந்தார். "உறுப்பினர் அவர்கள் உருக்கமாகப் பேசினார்கள். ஆனால் சென்ற ஆகஸ்ட் மாதம் இதே உறுப்பினர், இதே கரட்டில், இதே குவாரிக்கு அனுமதி வழங்க வேண்டும் என்று தன்னுடைய லெட்டர்பேடில் பரிந்துரை எழுதியிருக்கிறார்கள். கோப்பில் இருக்கிறது. படிக்கட்டுமா?"

படித்தார். "இப்பகுதி இளைஞர்களின் வாழ்வில் ஒளியேற்றும்" என்று ஒரு வரி வந்தது. சிரிப்பு வெடித்தது. எங்கள் கட்சி வரிசையில் எல்லோரும் தங்கள் மேஜையைப் பார்த்தார்கள்.

ஜெயக்கொடி நின்றுகொண்டே இருந்தாள். ஒரு முறை, ஒரே ஒரு முறை, அண்ணாந்து மாடத்தைப் பார்த்தாள். பிறகு மைக்கில் சொன்னாள்: "அது என் பேருல வந்த லெட்டருதான். தப்பு என்னோடது. அதை இப்பவே திரும்ப வாங்கிக்கிறேன். கரட்டை உடைக்கக் கூடாது."

உட்கார்ந்துவிட்டாள்.

ஜனவரி 23

எட்டு மணி நேரம் கார். திண்டிவனம் தாண்டியதும், "அந்த லெட்டரு எப்பப் போட்டது?" என்று கேட்டாள். ஞாபகம் இல்லை என்றேன். வாரத்துக்கு நாற்பது கடிதம், எதை ஞாபகம் வைத்துக்கொள்வது? விழுப்புரத்தில் டீ குடித்தோம். வீடு வரும்வரை ஜன்னலைப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

ஜனவரி 25

மனு நாள். காலையில் உள் அறைக்குப் போனால் லெட்டர்பேட் இல்லை, சீல் இல்லை, மைப்பெட்டியும் இல்லை. எல்லாம் வெளியே அவள் மேஜையில் இருந்தன.

புது முறை ஒன்று கொண்டுவந்திருக்கிறாள். ஒவ்வொரு மனுவையும் எல்லோர் முன்னாலும் வாய்விட்டு வாசிக்கிறாள். முடித்ததும், "நான் வாசிச்சது சரியா? இதுல இருக்கிறதெல்லாம் உண்மையா?" என்று கேட்கிறாள். ஆமாம் என்றால்தான் கையெழுத்து. அரை நிமிடக் கையெழுத்து. கூட்டத்துக்கு டோக்கன் கொடுக்க வேண்டியதாயிற்று. மத்தியானம் வரை பதினாறு மனுதான் முடிந்தது. இரண்டு பேர் நடுவிலேயே தங்கள் மனுவை வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள், பக்கத்து வீட்டுக்காரன் நின்றுகொண்டிருந்ததால் என்று நினைக்கிறேன்.

நானும் சும்மா இருக்கவில்லை. ரேஷன் கடைக்குப் போய்ப் பருப்பு வாங்கி வந்தேன்.

பிப்ரவரி 3

அந்தச் சட்டசபைக் காட்சியை யாரோ வெட்டி, பாட்டுப் போட்டு, போனுக்குப் போன் அனுப்புகிறார்கள். "ஒளியேற்றிய அம்மா" என்று தலைப்பு. சலூனில் நான் நுழைந்ததும் இரண்டு பேர் போனைப் பையில் வைத்தார்கள்.

பிப்ரவரி 10

ஆனைக்கரட்டுக்கு அவள் போனாள். என்னை வர வேண்டாம் என்று அவள் சொல்லவில்லை, அதனால் நானும் ஏறிக்கொண்டேன்.

கல்லெறிவார்கள் என்று டிரைவர் பயந்தார். யாரும் எறியவில்லை. ஜெயக்கொடி நேராகக் குருவம்மா வீட்டுக்குப் போய்ச் சுவரைத் தொட்டுப் பார்த்தாள். விரிசலில் என் ஆள்காட்டி விரல் போகிறது. நான் வைத்துப் பார்த்தேன்.

குருவம்மா கேட்டாள்: "ஏந்தாயி, எங்க நூலையும் வாங்கிக்கிட்டு, அவனுக்கும் லெட்டரு கொடுத்தீகளாக்கும்?"

"மன்னிச்சுக்கங்க அத்தை" என்றாள் ஜெயக்கொடி. என் பேரைச் சொல்லவில்லை. என்னைத் திரும்பிப் பார்க்கவும் இல்லை. பார்த்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

கிழவி உள்ளே போய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். எனக்குக் கொடுக்கவில்லை. எனக்குத் தாகமும் இல்லை.

பிப்ரவரி 18

விருப்ப மனு கொடுத்தாயிற்று. தும்பலூருக்கு மொத்தம் பதினோரு பேர் கேட்டிருக்கிறார்கள். அதில் ஒருவன் மாவட்டச் செயலாளருடைய அக்கா மகன். மாவட்டம் என்னைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசினார்.

"அண்ணே, நேர்காணல்ல அந்த லெட்டரைத்தான் தலைவர் கேப்பாரு. மறுபடி நின்னா ஆளுங்கட்சிக்காரன் தெருத் தெருவா அந்த வீடியோவைத்தான் போடுவான். அக்காவை நீங்களே சொல்லி ஒதுங்கச் சொல்லிடுங்க. கௌரவமா இருக்கும்."

நான் யோசிக்கிறேன் என்றேன். வீட்டுக்கு வந்து சொன்னேன். "நீங்க என்ன நினைக்கிறீங்க?" என்று கேட்டாள். முப்பத்தாறு வருடத் தாம்பத்தியத்தில் இந்தக் கேள்வி வந்ததும் நான் செருப்பை மாட்டிக்கொண்டு கடைத்தெருவுக்குப் போனது இதுதான் முதல் தடவை.

பிப்ரவரி 22

மனு நாள். இருபத்தேழு முடித்தாள். வேகம் வந்துவிட்டது. ஆச்சரியம், கூட்டம் குறையவில்லை. தங்கள் மனு இல்லாதவர்களும் வந்து உட்கார்ந்து கேட்கிறார்கள்.

நான் வாங்கி வந்தது: கீரை, தேங்காய், ஊறுகாய்க்கு எலுமிச்சை.

மார்ச் 2

சென்னை, நேர்காணல்.

உள்ளே விண்ணப்பதாரர் மட்டும். பெண் விண்ணப்பதாரர்களின் கணவர்கள் நாங்கள் பதினைந்து பேர் வெளியே வேப்ப மரத்தடியில். எல்லோர் கையிலும் ஒரு ஃபைல், எல்லோருக்கும் வெள்ளைச் சட்டை. ஒருவர் சொன்னார், "நம்மளை உள்ள விட்டா டக்கு டக்குனு பதில் சொல்லிருவோம். இதுங்க என்ன உளறப் போகுதோ." எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரித்து முடித்ததும் எனக்கு அந்த ஆளை ஓங்கி ஒன்று வைக்கலாம் போல இருந்தது.

ஜெயக்கொடி வந்தாள்.

"கேட்டாங்களா?"

"கேட்டாங்க."

"என்ன சொன்னே?"

"என் கையெழுத்துதான்னு சொன்னேன்."

"ஏன் அப்படிச் சொன்னே?"

"வேற என்னத்தைச் சொல்ல? எம்.எல்.ஏ. நான், கையெழுத்து போடுறது என் வீட்டுக்காரர்னா? பேனாவை உங்க கையில கொடுத்தவ நான்தானே. அதுக்கு நான்தான் பதில் சொல்லணும்." புடவை முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "தலைவரு ஒண்ணும் சொல்லலை. சரிம்மான்னாரு. அந்தச் சரிம்மாவுக்கு என்ன அர்த்தம்னு உங்களுக்குத்தான் தெரியுமே."

தெரியும். சீட் இல்லை என்று அர்த்தம். நாற்பது வருடம் இருந்தவனுக்குத் தெரியாதா.

மார்ச் 3

இன்று உண்மையை எழுதுகிறேன். டைரிக்குக்கூடப் பொய் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

ஞாபகம் இருக்கிறது. ஆகஸ்ட் பதினெட்டு. ஜெயக்கொடி ஒரு துக்க வீட்டுக்குப் போயிருந்தாள். சவடமுத்து உள் அறைக்கு வந்து, மருமகன் குவாரிக்கு ஒரு லெட்டர் வேண்டும் என்றான். எந்தக் கரடு என்று கேட்டேன். சொன்னான். கீழே ஊர் இருக்கிறதே என்றேன். அவன் கதவைப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தி, "எனக்கு எம்.எல்.ஏ. நீங்கதாண்ணே. மத்ததெல்லாம் பேருக்கு" என்றான்.

அவ்வளவுதான். காசு பணம் இல்லை, பயம் இல்லை. அந்த ஒரு வார்த்தைக்காகப் போட்டேன். முகம் சூடாகி, நெஞ்சு நிமிர்ந்து, வழக்கத்தைவிட அழகாகப் போட்டேன். வாழ்வில் ஒளியேற்றும் என்ற வரியும் நான் போட்டதுதான், எல்லாக் கடிதத்திலும் போடுவது.

என் பேரில் ஒரு நாளும் ஓட்டு விழவில்லை. அவள் பேரில் விழுந்த ஓட்டை எடுத்து நான் போர்த்திக்கொண்டு திரிந்திருக்கிறேன். வெட்கமாக இருக்கிறது.

மார்ச் 5

அந்தக் கையெழுத்து நான் போட்டது என்று எழுதிக் கொடுத்தால் அவளுக்கு சீட் கிடைக்கலாம். எனக்குக் கட்சி போய்விடும். போலிக் கையெழுத்து என்று வழக்கு வந்தாலும் வரும். இருபத்திரண்டு வயதில் கட்சி கார்டு வாங்கினேன், கல்யாணத்துக்கு முன்னால். பர்ஸில்தான் இருக்கிறது. எடுத்துப் பார்த்துவிட்டு வைத்தேன்.

மார்ச் 7

மனுவை நான்கு முறை எழுதினேன். முதல் மூன்றிலும் "சூழ்நிலை காரணமாக" என்று வந்துவிட்டது. கிழித்தேன்.

கையெழுத்து போடப் போனால் கை தானாக அவள் பெயரை எழுதப் பார்க்கிறது. காலண்டர் தாளின் பின்பக்கத்தில் என் பெயரைப் பத்து முறை போட்டுப் பழகினேன். கோணல் மாணலாக வருகிறது. பரவாயில்லை.

மார்ச் 8

ஞாயிறு. டோக்கன் இருபத்து மூன்று.

வரிசையில் நின்றேன். "சார், நீங்க உள்ள போங்க" என்று முன்னால் நின்றவர் வழிவிட்டார். வேண்டாம் என்றேன். முழங்கால் பிராணனை வாங்கியது. ஆனைக்கரட்டு ஆட்களும் இருந்தார்கள். குருவம்மா பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள்.

என் முறை வந்தது. ஜெயக்கொடி நிமிர்ந்து பார்த்தாள். கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். நான் மனுவை நீட்டினேன். முதல் வரியைப் பார்த்ததும் அவள் கை நின்றது.

"இதை வீட்டுல கொடுத்திருக்கலாம்ல?" மெதுவாகத்தான் கேட்டாள்.

"வீட்டுல கொடுக்கிற மனு இல்ல. வாசிங்க" என்றேன். அவளை வாங்க போங்க என்று நான் சொன்னது வாழ்க்கையில் இன்றைக்குத்தான்.

தண்ணீர் குடித்தாள். வாசித்தாள். "ஆனைக்கரடு கல்குவாரிக்கு ஆகஸ்ட் பதினெட்டாம் தேதி கொடுத்த பரிந்துரைக் கடிதத்தில் உள்ள கையெழுத்து சட்டமன்ற உறுப்பினருடையது அல்ல. அதை எழுதியதும் கையெழுத்திட்டதும் நான். அவருக்கு அது தெரியாது. தெரிந்திருந்தால் விட்டிருக்க மாட்டார். பதினைந்து வருடமாக அவருடைய கடிதங்களில் நான் கையெழுத்திட்டு வந்திருக்கிறேன். சபையில் அவர் என் தவறைத் தன்னுடையது என்று ஏற்றுக்கொண்டார். இந்த மனுவைக் கட்சித் தலைமைக்கும் மாவட்ட ஆட்சியருக்கும் அனுப்பும்படி கேட்டுக்கொள்கிறேன். அ. சிவனாண்டி."

குரல் ஓரிடத்தில்கூட நடுங்கவில்லை.

எல்லோரிடமும் கேட்பதை என்னிடமும் கேட்டாள். "நான் வாசிச்சது சரியா? இதுல இருக்கிறதெல்லாம் உண்மையா?"

"உண்மை."

அரை நிமிடம் எடுத்துக்கொண்டு கையெழுத்து போட்டாள். சீல் குத்தினாள். பிறகு, "இருபத்து நாலு" என்று கூப்பிட்டாள்.

வெளியே வரும்போது குருவம்மா என் சட்டையைப் பிடித்து நிறுத்தினாள். "நீதானாப்பா அது?" என்றாள். ஆமாம் என்றேன். பெஞ்சில் தள்ளி உட்கார்ந்து இடம் விட்டாள். உட்கார்ந்தேன்.

சாயங்காலம் ஜெயக்கொடி காபி கொண்டுவந்து வைத்தாள்.

"எம்புட்டு நேரம் நின்னீங்க?"

"ரெண்டு மணி நேரம்."

தைலத்தை எடுத்துக்கொண்டு வந்து, பக்கத்தில் உட்கார்ந்து, முழங்காலில் தேய்த்துவிட்டாள். நான் அழுதேன். அவளும்தான்.

மார்ச் 11

தலைவர் போனில் பேசினாராம். எத்தனை வருடமாக இப்படி என்று கேட்டாராம். பதினைந்து வருடமாக, இப்போது ஒன்றரை மாதமாக இல்லை என்று சொன்னாளாம். அவர் சிரித்தாராம். அது நல்லதா கெட்டதா என்று என்னிடம் கேட்டாள். எனக்கு இப்போதெல்லாம் அரசியல் தெரியவில்லை என்றேன்.

மார்ச் 16

கட்சிப் பத்திரிகையில் முதல் பக்கத்தில் வேட்பாளர் பட்டியல். தும்பலூர்: திருமதி சி. ஜெயக்கொடி. நான்காம் பக்கத்தில் கீழே ஒரு சின்னக் கட்டம்: தும்பலூர் பேரூர்ச் செயலாளர் அ. சிவனாண்டி அடிப்படை உறுப்பினர் பொறுப்பு உள்பட எல்லாப் பொறுப்புகளிலிருந்தும் நீக்கம். யாரும் அவருடன் தொடர்பு வைத்துக்கொள்ளக் கூடாது.

முதல் பக்கத்தையும் நான்காம் பக்கத்தையும் ஜெயக்கொடி வாசித்தாள். "தொடர்பு வச்சுக்கக் கூடாதாமே. ராத்திரிக்குச் சப்பாத்திக்கு யார் மாவு பிசையிறது?" என்றாள். நான்தான் பிசைந்தேன்.

மார்ச் 23

மனுத் தாக்கல். நான் கார் வரை வந்து வழியனுப்பிவிட்டு நின்றுகொள்வதாக இருந்தேன். "ஏறுங்க" என்றாள்.

தாலுகா ஆபீஸ் வாசலில் மாவட்டச் செயலாளர் தன் ஆட்களோடு நின்றார். முன்மொழிபவராகக் கையெழுத்து போட ஒன்றியச் செயலாளரை அழைத்து வந்திருந்தார். ஜெயக்கொடி பாரத்தை எடுத்து என்னிடம் நீட்டினாள்.

"அக்கா, அவரைக் கட்சியிலருந்து எடுத்தாச்சு" என்றார் மாவட்டம்.

"முன்மொழியிறதுக்குக் கட்சிக்காரரா இருக்கணும்னு எங்கேயும் இல்லை தம்பி. தொகுதியில ஓட்டு இருந்தாப் போதும். பாகம் தொண்ணூத்தி ஒண்ணு, வரிசை எண் முந்நூத்தி நாப்பது. நான் பாத்து எழுதிட்டு வந்துட்டேன்."

என்னைப் பற்றிய எண்களை அவள் மனப்பாடமாகச் சொன்னாள். பாரத்தில் அவளுடைய கையெழுத்து ஏற்கெனவே இருந்தது. எனக்கான கட்டம் காலியாக இருந்தது. நான் மெதுவாகப் போட்டேன். எனக்கும் அரை நிமிடம் ஆயிற்று.

உள்ளே தேர்தல் அதிகாரி தாள்களைப் புரட்டினார். அவரும் அந்த வீடியோவைப் பார்த்திருப்பார், என் மனுவைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பார். கோணலான கையெழுத்தை ஒரு முறை பார்த்தார், என்னை ஒரு முறை பார்த்தார்.

"முன்மொழிபவர் கையெழுத்து. இது உங்களோடதுதானே?"

நான் வாயைத் திறப்பதற்குள் ஜெயக்கொடி சொன்னாள்.

"அவரோடதுதான் சார். நான் பாத்தேன்."